கடைசி இருக்கையின் ஈரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி நடக்கிறது. உன்னிடம் நலமா என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்று ஒரே பதில்தான் வரும், அதனால் வேறு மாதிரி கேட்கிறேன், சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, நின்றுகொண்டா?

கடிதம் தாமதமானதற்குக் காரணம் வேன்தான். நான் ஓட்டும் கம்பெனி வேனில் கடைசி இருக்கைக்கு அடியில் அடிக்கடி காலையில் ஈரம், கூடவே ஒரு வாடை. அங்கே உட்கார்ந்து வருவது கழிப்பறை கழுவுகிற பெரியக்கா. உடனே எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. வயசாச்சுல்ல, அடக்க முடியல போல என்று ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். முன்னால் என் பக்கத்தில் வரும் கணக்கு சார், பார்த்து ஏத்தக் கூடாதாம்மா என்று என்னைக் கேட்டார். அந்த அக்கா ஒரு நாள் வராவிட்டால் இவர்கள் எங்கே போவார்களாம்? அவளோ கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை பெய்தால்தான் ஈரம் என்று சொன்னேன், யார் கேட்டார்கள். பின்கதவு ரப்பரை மாற்றினேன், பின் கண்ணாடிக்குப் பசை வைத்தேன், ஈரம் நிற்கவில்லை. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து அந்தம்மா நடந்து வரட்டும் என்றார். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, நடந்து வருகிற தூரமும் இல்லை. வேலையை விட்டுப் போ என்பதை இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இழுத்துக்கொண்டு இறங்கினேன். ரப்பர் விரிப்பைச் சுருட்டிவிட்டுத் தரையைத் துடைத்துக் காயவைத்து, முன்னாலிருந்து பின்னால் வரை செய்தித்தாள் பரப்பினோம். அப்பா டார்ச்சோடு உள்ளே, நான் குழாயோடு வெளியே. பின்கதவில் தொடங்கி ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் விட்டேன். என்னைக் குளிப்பாட்டத்தான் கூட்டிட்டு வந்தியா என்று உள்ளேயிருந்து முனகினார், ஆனால் தாள் எல்லாம் காய்ந்தே கிடந்தது. கடைசியில் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் விட்டேன். ஏய் நிறுத்து, முன்சீட்டுக்கு அடியில தாள் நனையுது என்றார். பள்ளத்து மூடியைக் கழற்றினால் அழுகிய இலை, வடிகிற துளையே தெரியவில்லை. தேங்கிய தண்ணீர் காற்று வரும் வழியாகக் கணக்கு சார் காலடியில் இறங்குகிறது. நம் தெருச் சரிவில் வண்டியைப் பின்பக்கமாக இறக்கித்தானே நிறுத்துவேன், அதனால் விரிப்புக்கு அடியிலேயே ஓடி இரவெல்லாம் பெரியக்கா இடத்தில் தேங்கியிருக்கிறது. விரிப்புக்கு மேலே காய்ந்திருந்ததால் சாருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா இலையை அள்ளப் போனார், தொடாதீங்க, நாளைக்கு எல்லாரும் பார்க்கட்டும் என்று மூடியை மாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை பெரியக்காவை ஏற்றினேன். கம்பெனி வாசலில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, யாரும் இறங்காதீங்க என்று சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடிக்குக் கீழே ஊற்றினேன். சாரின் பாலிஷ் போட்ட ஷூவில் கொட்டியது. இதுதான் ராத்திரி சரிவுல கடைசி சீட்டுக்கு ஓடுது என்றேன். சொல்லியிருந்தா காலைத் தூக்கியிருப்பேன்ல என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. மேற்பார்வையாளர், சரி சரி, வண்டியைச் சுத்தமா வச்சுக்க என்று என்னைச் சொல்லிவிட்டுப் போனார். பெரியக்கா தொடர்ந்து வரலாம் என்று அர்த்தமாக நானே எடுத்துக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகும் அவள் இறங்கவில்லை. அந்தப் பேச்சு வந்ததிலேர்ந்து காலைல நான் தண்ணியே குடிக்கறதில்லம்மா, எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு என்றாள். என் பாட்டிலைக் கொடுத்தேன். முழுவதும் குடித்தாள்.

போன தடவை பேசும்போது, வேலை நடுவில் எழுந்து போனால் அங்கே முறைக்கிறார்கள், அதனால் தண்ணீரைக் குறைத்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. முறைக்கிறவர்கள் முறைக்கட்டும். தாகம் எடுத்தால் குடி, போக வேண்டுமென்றால் எழுந்து போ. உடம்பும் மனசும் குறைவில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவுக்கும் அதே நினைப்புதான். பதில் எழுதும்போது இன்றைக்கு எத்தனை டம்ளர் என்று முதல் வரியில் எழுது.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா