குழாய்க்குக் காது வைத்த தெரு

என்னங்க,

நீங்கள் போய்த் தங்கியிருக்கும் உங்கள் தம்பி வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? உங்கள் கம்பளிச் சட்டைகள் இங்கேயே இருக்கின்றன. அனுப்பி வைக்கவா, அலமாரியிலேயே இருக்கட்டுமா?

நேற்று எங்கள் கருவியைத் தெருவில் வைத்துப் பார்த்தோம். நல்ல வேலையை விட்டுவிட்டு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்பீர்களே, அதேதான். மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று ஒலியைக் கேட்டே சொல்லிவிடும். ஆய்வுக்கூடம் தந்த பேராசிரியர், கருவியைச் செய்துகொடுத்த தொழிற்சாலைக்காரர், அனுமதி தரவேண்டிய நகராட்சிப் பொறியாளர் மூவரையும் புதுத் தொழில் தொடங்குவோருக்கு உதவும் மையத்தின் மேலாளர் அம்மா எப்படியோ ஒரே தெருவுக்கு இழுத்து வந்துவிட்டார்.

கருவி ஓரிடத்தைக் காட்டியது. "தோண்டி ஒண்ணும் இல்லேன்னா ஜனங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் பொறியாளர். பேராசிரியர் வானத்தைப் பார்த்தார். தொழிற்சாலைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் சொல்றேன் சார்," என்றேன்.

இடுப்பளவு தோண்டியும் காய்ந்த மண்தான். "இன்னும் கொஞ்சம் பாருங்கண்ணா," என்று தோண்டுபவரிடம் கெஞ்சினேன். சட்டென்று மண் சரிந்தது. குழாயின் பழைய விரிசலிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்துப் பொறியாளரைத் தலைமுதல் கால்வரை நனைத்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"இந்தத் தெருவுல கடைசி வீட்டுக்கு ஏன் தண்ணி ஏறலேன்னு இப்பத்தாம்மா தெரியுது. ஊர் முழுக்க வச்சுப் பாத்துடலாம்!"

எல்லோரும் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார்கள். மேலாளர் அம்மா என்னிடம் வந்து, "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியா? சந்தோஷப்படுவாரே," என்றார்.

"சொல்லிட்டேன்மா."

அது பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள்
பிடிவாதக்காரி