ஏழு பிரதிகள்

4.9.2003, வியாழன்

தூசு தட்டக் கொடுத்திருந்த கம்ப்யூட்டரை இன்று ஆட்டோவில் வைத்து எடுத்துவந்தேன். வேலை சுத்தம்தான். ஆனால் கடைக்காரர் கலீல் ரஹ்மான் என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறார். என் கால்வாய்ப் படங்கள் அத்தனையையும் தன் கடைக் கம்ப்யூட்டரில் நகல் போட்டு வைத்திருந்தார்.

"யாரக் கேட்டு எடுத்த?"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க செய்யறது. உங்க டிஸ்க் சரியில்ல ஐயா. ஏதாவது ஆச்சுன்னா கை குடுக்கும்."

அதே கடையில்தான் அப்பாதுரையின் மனை நோட்டீஸ் அச்சுக்குத் தயாராகிறது. மேசைமேல் கிடந்தது, பார்த்தேன். கால்வாயைத் தூர்த்து மனை போடப் பார்க்கிறவன் வந்துபோகிற இடத்தில் என் சாட்சி இருப்பதா? நின்று அழிக்க வைத்தேன். அழித்தது போய் விழும் குப்பைத் தொட்டியையும் காலி செய் என்றேன். செய்தார். திரை வெறுமையான பிறகுதான் இடத்தைவிட்டு நகர்ந்தேன்.

5.9.2003

மொத்தம் 214 படங்கள். 1989 முதல் ஒவ்வொரு ஐப்பசியும் கார்த்திகையும் நான் எடுத்தவை. மலையில் பெய்கிற மழை எந்த வழியாக அடி அண்ணாமலை ஏரிக்குப் போகிறது என்பதற்கு ஊரில் வேறு சாட்சி இல்லை. ஆல்பத்தையும் நெகட்டிவையும் கரையான் தின்றது. ஸ்கேன் செய்து வைத்திருந்தது மட்டும் தப்பியது. அதைக் காப்பாற்றத்தான் அறுபத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் கற்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. பம்புசெட் ரிப்பேரும் யாரும் சொல்லித்தந்து வந்ததில்லை.

தினமும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் 'சி' டிரைவிலிருந்து 'டி'க்கு நகல் எடுக்கிறேன். கிழமைக்கு ஒரு போல்டர். ஆக, அங்கே மட்டும் ஏழு பிரதி. இனி எவன் என்ன செய்ய முடியும்?

12.9.2003

நகல் எடுக்க முன்பு நாற்பது நிமிடம். இன்று ஒன்றே கால் மணி நேரம்.

22.9.2003, திங்கள்

கால்வாய் மனுவுக்கு விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. நவம்பர் 12, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ். "உரிய ஆதாரங்களுடன்" வரவேண்டுமாம். பதினான்கு வருடம் மனு கொடுத்து, முதல்முறையாக ஒருவர் ஆதாரத்தைக் கேட்கிறார்!

பெரிய அளவில் பிரிண்ட் போடவேண்டும். இங்கே போட்டால் செய்தி கசியும். விசாரணைக்கு முந்தின வாரம் வேலூரில் போட்டுக்கொள்கிறேன். அதுவரை ஒரு படமும் வீட்டைவிட்டு வெளியே போகாது.

நகல் எடுக்க இன்று இரண்டரை மணி. பெட்டியின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. உள்ளே கர்... கர்... என்று ஒரு சத்தம், நடுவில் ஒரு டக்.

"அது என்னாத்துக்குப் பல்ல நறநறன்னு கடிக்குது?" என்றாள் மனைவி சந்திரம்மாள்.

"வேல செய்யுதுடி."

முப்பது வருடம் மோட்டார் பார்த்தவன் நான். சத்தம் இருந்தால் ஓடுகிறது என்று அர்த்தம்.

4.10.2003, ஆயுத பூஜை

காலையிலேயே தகராறு. சுத்தியல், ஸ்பேனர், தையல் மிஷின் எல்லாம் பூஜையில் இருக்கின்றன. கம்ப்யூட்டரையும் நிறுத்தச் சொன்னாள்.

"ஒரு நாளு சும்மா உடுங்களேன். அதுக்கும் ஓய்வு வேணாமா?"

"சனிக்கிழமைப் பிரதி யாரு எடுப்பா, உங்கப்பனா?"

ஓடுகிற பெட்டிக்கே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். விரலை வெடுக்கென்று எடுத்தாள். சுடுகிறதாம். மாலை போட்ட பெட்டி மாலைவரை உறுமிக்கொண்டே இருந்தது.

10.10.2003, பௌர்ணமி

கிரிவலக் கூட்டம். தெருவெல்லாம் கடை, கடைக்கெல்லாம் கொக்கி போட்ட கரண்ட். வோல்டேஜ் கம்மி. நகல் பாதியில் நின்றது. மறுபடி தொடங்கினேன். மறுபடி நின்றது. மூன்றாம் தடவை முடிந்தது. நானா அதுவா என்று பார்த்துவிட்டேன்.

19.10.2003, ஞாயிறு

கலீல் வீட்டுக்கே வந்தார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தாராம். செருப்பைக் கழற்றும்போதே காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஐயா, டிஸ்க் கடைசி மூச்சு உடுது. நிறுத்துங்க. இப்பவே ரெண்டு சிடில போட்டுத் தரேன்."

"எங்கிட்ட ஏழு பிரதி இருக்கு. டி-ல."

"சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்குதாங்க. ஒரே ரூம்ல நடுவுல தடுப்பு வச்ச மாதிரி. தெனமும் இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் மூட்டைய மாத்தறீங்க, அவ்வளவுதான். அந்த பாரமே அத சாகடிக்குது."

"திரையில ரெண்டு காட்டுது. நீ ஒண்ணுங்கற. நான் எத நம்பறது?"

"தொறந்து காட்டட்டுமா?"

தொட விடவில்லை. புது டிஸ்க் விற்க வந்த பேச்சு. அல்லது அப்பாதுரை அனுப்பியிருப்பான். சந்திரம்மாள் கொண்டுவந்த டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் போய்விட்டார். "பெரியவரே, சத்தம் நின்னுடுச்சுன்னா ஆன் பண்ணாதீங்க, அப்படியே எடுத்தாங்க" என்று வாசலில் சொன்னார்.

ஒரே அறை, நடுவில் தடுப்பு. இது ஏன் எனக்கு மதியத் தூக்கத்தில் வந்தது?

2.11.2003

ஐந்து மணி நேரம். வெள்ளிக்கிழமை போல்டரில் 1991-ம் வருடப் படம் ஒன்றைத் திறந்தேன். மேல்பாதியில் மலை இருக்கிறது. கீழ்ப்பாதி, தண்ணீர் ஓடவேண்டிய இடம், வெறும் சாம்பல் நிறம். வியாழனிலும் அப்படியே. 'சி'யில் இருப்பது திறக்கவே மறுக்கிறது.

சந்திரம்மாளிடம் சொல்லவில்லை. நாளை மறுநாள் வேலூர் போகவேண்டும். கடைசியாக ஒரு முழு நகல் எடுத்துவிட்டால் போதும்.

3.11.2003

மதியம் இரண்டு பத்துக்குச் சத்தம் நின்றது.

ஆன் பண்ணாதீங்கன்னு சொன்னான். நாலு தடவ பண்ணேன். அஞ்சு தடவ. டக், டக், டக். அப்புறம் அதுவும் இல்ல. எப்பவும் மோட்டார ரெண்டு தட்டு தட்டுவேன், ஓடும். தட்டினேன். நான் ஏன் தட்டினேன்?

5.11.2003

கலீல் இரண்டு நாள் போராடினார். டிஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பெட்டிக்குள் அது ஒன்றுதான் இருந்தது. வேறு இல்லை. நானே குனிந்து பார்த்தேன்.

"அன்னிக்குக் கடையில இருந்த நகல்..." என்றேன்.

"நீங்க நின்னு பாத்தீங்களே ஐயா" என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகும் அந்தக் கம்ப்யூட்டரில் துழாவினாராம். அழித்த இடத்தின்மேல் இரண்டு மாத நோட்டீஸ் வேலை ஏறிவிட்டது.

9.11.2003

மகன் மாறன் சென்னையில் ஓர் இடத்தில் காட்டினான். டிஸ்க்கின் உள்தட்டே உரசிப் போயிருக்கிறதாம். 214-ல் ஒன்றும் இல்லை.

12.11.2003, புதன்

போனேன். போகாமல் இருப்பேனா?

விசாரித்த அதிகாரி அம்மா மரியாதையாகத்தான் பேசினார். வாயால் சொன்னேன், வருடம் வருடமாக, எந்த மரத்தடியில் எத்தனை அடி தண்ணீர் என்று. எழுதிக்கொண்டார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். காட்றதுக்கு ஏதாவது இருக்குங்களா?" என்றார்.

வெளியே அப்பாதுரை நின்றிருந்தான். "இன்னா பெரியப்பா, பொட்டிய தூக்கிட்டு வரலியா? ஆட்டோ கெடைக்கலியா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பதினான்கு வருடத்தில் முதல்முறை.

22.12.2003

உத்தரவு வந்தது. கால்வாய் இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

29.12.2003

ஜேசிபி வந்துவிட்டது. இங்கிருந்தே கேட்கிறது. கர்... கர்... நடுவில் ஒரு டக். சந்திரம்மாள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

19.1.2004, திங்கள்

கால்வாய் மண்மேடாகிவிட்டது. முந்தாநாள் ஏரியின் வடகரையில் புதிதாக நான்கு மனைக்கல் நட்டிருக்கிறார்கள். வெள்ளையடித்த கல். தண்ணீர் வராத ஏரியை ஏரி என்று எத்தனை நாள் சொல்வார்கள்?

பழைய கேமராவில் சுருள் போட்டுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். இன்று கலீல் கடையில் ஸ்கேன் செய்தோம். அவர் எதையும் நினைவுபடுத்தவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். முழுதாகக் குடித்தேன்.

"எத்தன சிடி போடட்டும்?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு மாறனுக்கு." அவர் எழுந்திருக்கும்போது சொன்னேன்: "உன் கடைலயும் ஒரு நகல் இருக்கட்டும்."

தலையாட்டினார். "போல்டருக்கு இன்னா பேருங்க போடறது? கால்வாய்னே போட்டுடட்டுமா?"

"இல்ல. ஏரின்னு போடு."