உன் ஆட்டத்துக்குள் நான் வந்தது

கவாலா, அக்டோபர் 4

பிடிவாதக்கார ஸ்ட்ராட்டிஸுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நலம் என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும், இல்லை என்று எழுதினால் கவலை வரும். இரண்டுக்கும் இப்போது தெம்பில்லை. போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். உன் அண்ணன் ஆர்கிரிஸைக் கூப்பிட்டால், "மரத்து மேல இருக்கான் எவாந்தியா, எறங்கினதும் பேசச் சொல்றேன்" என்கிறார். மூன்று வாரமாக ஒரே ஒலிவ மரத்தின் மேலேயா இருக்கிறாய்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். நாம் கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக்கொண்டதோடு சரி. என் கையெழுத்து இப்போது இன்னும் மோசம், பொறுத்துக்கொள்.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. உன் ஆம்புலன்ஸை லெஃப்டெரிஸ் ஓட்டுகிறான். அந்த நெட்டையன் உன் இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். "ஸ்ட்ராட்டிஸ் அண்ணன் வந்தா கத்துவாரு" என்று முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டுகிறான். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை எத்தனை தடவை யோசித்தும் என் தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. ஆம்புலன்ஸ் நிலையத்து மாடியறையில், என் நடன சிகிச்சை வகுப்பில் வழக்கம்போல உன்னைச் சேர்த்து எட்டுப் பேர். "இந்த வாரம் உடம்புல எங்க கனக்குதோ அத அசைவா காட்டுங்க, வார்த்தையே வேணாம்" என்றேன். ஏப்ரலில் வகுப்பு தொடங்கியதிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தே நின்ற நீ, அன்றைக்குத்தான் நடுவில் வந்தாய். லெஃப்டெரிஸின் போனில் ஒரு ஜெய்பெகிகோ பாட்டைப் போடச் சொல்லி ஆடினாய். இருபத்திரண்டு வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், நீ அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. என் கண் நிறைந்துவிட்டது. எழுந்து உன் பக்கத்தில் வந்து நீ செய்ததையே நானும் செய்தேன். மற்றவர்களையும் எழச் சொன்னேன். ஒருவர் அசைவதைப் போலவே சுற்றி இருப்பவர்களும் அசைந்தால், தான் தனியாள் இல்லை என்று அவருக்குப் படும். என் படிப்பின் அரிச்சுவடியே அதுதான்.

நீ பாதியில் நின்றாய். மேல்சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய். மறுநாள் காலை தாசோஸ் தீவுக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் படகேறிவிட்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்பதே எனக்கு லெஃப்டெரிஸ் சொல்லித்தான் தெரியும்.

நான் என்னப்பா தப்பு செய்தேன்? எப்போது வீட்டுக்கு வருவாய்?

கோபத்தோடும் அதைவிட அதிகமான அன்போடும்,
உன் எவாந்தியா

*

தாசோஸ், அக்டோபர் 13

எவாந்தியா,

எனக்குக் கடிதம் எழுத வராது என்று உனக்குத் தெரியும்.

ஆர்கிரிஸ் மரத்தடியில் வலை விரிக்கிறான், நான் கம்பால் காயை உதிர்க்கிறேன். இந்த வருடம் காய்ப்பு பரவாயில்லை. முதுகு வலி குறைந்திருக்கிறது. சாப்பிடுகிறேன்.

குழாய்க்குப் போடுகிற வாஷர் கருவிப் பெட்டியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. முதலில் மெயின் குழாயை மூடு, போன தடவை மாதிரி சமையலறையைக் குளமாக்காதே. லெஃப்டெரிஸிடம் இருக்கையைப் பின்னால் தள்ளச் சொல். எங்காவது கொண்டுபோய் மோதிவிடுவான்.

என்ன தப்பு என்று கேட்டாய். ஜெய்பெகிகோ ஒருவன் தன் துக்கத்தைத் தனியாக ஆடித் தீர்க்கிற ஆட்டம். ஆடுகிறவனின் வட்டத்துக்குள் வேறு யாரும் வரக் கூடாது. வேண்டப்பட்டவர்கள் சுற்றி மண்டிபோட்டுக் கைதட்டலாம். அவ்வளவுதான். நம் ஊரில் பிறந்த உனக்கு இது தெரியாதா? உன் அப்பா இருந்திருந்தால் உன் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பார்.

ஸ்ட்ராட்டிஸ்

*

கவாலா, அக்டோபர் 20

ஸ்ட்ராட்டிஸ்,

ஓஹோ, இதுதானா! இதற்கா ஐந்து வாரம் என்னைத் தவிக்கவிட்டாய்?

எனக்குத் தெரியாமல் என்ன? என் அப்பா ஆடும்போது யாரோ குடித்துவிட்டுக் குறுக்கே வந்து, கல்யாண வீடே ரெண்டுபட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் இது கல்யாண வீடும் இல்லை, மதுக்கடையும் இல்லை. வகுப்பு. இங்கே விதி வேறு. ஏதென்ஸில் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருக்கிறேன், சும்மா குதித்துக்கொண்டிருக்கவில்லை.

நான் எதற்கு நர்ஸ் வேலையை விட்டேன் என்பது உனக்கு மறந்துவிட்டதா? ஒரு நாள் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறினேன், எந்த மாடிக்குப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் அப்படியே நின்றேன். பதினைந்து வருடம் வேலை பார்த்த இடம்! அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு யாரோ சொல்லி ஒரு நடன அறைக்குப் போனேன், அங்கே தரையில் உருண்டு உருண்டு அழுதேன், அப்புறம்தான் மனுஷியானேன். வாய் சொல்லாததை உடம்பு சொல்லும் என்று நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நம் வகுப்பு ஃபோட்டினியைக் கேள். இரண்டு வருடமாக மாத்திரை போட்டும் தூங்காதவள், இப்போது தூங்கி வழிகிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு நாள் மதியம், கரண்டியைப் பிடித்தபடி நீ சூப்பையே அரை மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "ஆறிப்போச்சு, சூடு பண்ணவா" என்று கேட்டேன். "ம்" என்றாய். சூடு பண்ணி வைத்தேன், அதையும் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அந்த லிஃப்ட் ஞாபகம் வந்தது. என் கண்ணெதிரே நீ கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருந்தாய். அதற்குப் பிறகுதான் நிலையத்தில் நடையாய் நடந்து அந்த மாடியறையைக் கேட்டு வாங்கினேன். மற்ற ஏழு பேரும் எனக்கு ஒரு சாக்கு. அந்த வகுப்பே உனக்காகத்தான், முட்டாளே.

யாரை நினைத்து ஆடினாய்? என்னிடம் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

எவாந்தியா

*

தாசோஸ், நவம்பர் 2

எவாந்தியா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆர்கிரிஸ், "தம்பி என்ன வக்கீலுக்கா எழுதுற?" என்று கிண்டல் செய்கிறான்.

ஜனவரியில் நெயா கர்வாலி சாலையில் ஒரு கார் கவிழ்ந்தது. ஞாபகம் இருக்கிறதா? அன்று வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்ல, ரோட்டுல பனி" என்று மட்டும் சொன்னேன். ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கால் இரண்டும் காருக்குள்ளே, தலை வெளியே தார்ச்சாலையில். தீயணைப்புக்காரர்கள் தகட்டை வெட்டும்வரை தலை அசையக் கூடாது. அதனால் என் உள்ளங்கையைத் தரையில் வைத்து அதன்மேல் அவள் தலையைத் தாங்கிக்கொண்டேன். "கையை எடுத்துடாதீங்க" என்றாள். "எடுக்கமாட்டேன்" என்றேன். நாற்பது நிமிடம். அவள் எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது. லெஃப்டெரிஸ் வந்து தோளைத் தொட்டு, "அண்ணே, போதும், விட்டுடுங்க" என்ற பிறகுதான் தெரிந்தது. அவன்தான் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டான். நானாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றும் அங்கேதான் இருந்தது. இதை எப்படிச் சொல்வது? சொன்னால் நீ அழுவாய், நான் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

அன்று உன் வகுப்பில் ஆடினேன். ஆட்டத்தில் எல்லாரும் செய்வதைப் போலத்தான் குனிந்து தரையைத் தொட்டேன். தொட்டதும் அந்தச் சாலையின் குளிர் அப்படியே கையில் ஏறியது. ஆனால் பயமாக இல்லை. இப்போது நானாகவே கையை எடுத்துவிடுவேன் என்று தெரிந்தது. உள்ளே ஏதோ தளர்ந்தது. நான் அழப் போகிறேன் என்றுகூடத் தெரிந்தது.

தலையைத் தூக்கினேன். சுற்றிலும் எட்டுக் கைகள் தரையில் இருந்தன. ஃபோட்டினியின் கை, லெஃப்டெரிஸின் கை, உன் கை. எல்லாரும் ஒழுங்காக, அழகாகச் செய்திருந்தீர்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "ரொம்ப நல்லாருக்கு ஸ்ட்ராட்டிஸ், அப்படியே கையை வெச்சிரு, எடுத்துடாத" என்றாய்.

கையை எடுத்துவிடாதே என்றாய், எவாந்தியா.

ஸ்ட்ராட்டிஸ்

*

கவாலா, நவம்பர் 9

என் ஸ்ட்ராட்டிஸ்,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. படித்த அன்று நான் அழவில்லை. நீ பயந்தபடி ஆகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ இங்கே இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மறுநாள்தான் உறைத்தது. பிறகு அழுதேன்.

எனக்குத் தெரியாது என்று எழுதலாம். அது உண்மைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. நீ நடுவில் வந்த அந்த நிமிடம் என் மனதில் என்ன ஓடியது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் ஜெயித்துவிட்டேன் என்று ஓடியது. ஐந்து மாதம் சுவரில் சாய்ந்து நின்றவனை என் வித்தை ஆடவைத்துவிட்டது, எல்லாரும் பாருங்கள் என்று ஓடியது. உனக்குத் துணையாக எழுந்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சந்தோஷத்தில் எழுந்தேன். உன் துக்கத்துக்கு நடுவில் நான் சந்தோஷமாக இருந்தேன். பெண்டாட்டியாக மண்டிபோட்டு இரண்டு கையைத் தட்டியிருந்தால் போதும். அந்த இரண்டு நிமிடம் என்னால் டீச்சராக இல்லாமல் இருக்க முடியவில்லை.

லெஃப்டெரிஸும் அன்று கையைத் தரையில் வைத்தானே, அவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்குமே. அவனை எழச் சொன்னவளும் நான்தான். அதை நினைத்தால் எனக்கு உடம்பே கூசுகிறது.

வகுப்பை நிறுத்திவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். இனி அந்த மாடிப்படி ஏறமாட்டேன்.

சனிக்கிழமைப் படகில் அங்கே வரட்டுமா? நான் ஒன்றும் பேசமாட்டேன். உன்னை ஆடச் சொல்லமாட்டேன், எதையும் சொல்லச் சொல்லமாட்டேன். வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வா என்று ஒரே ஒரு வார்த்தை எழுது, போதும்.

மன்னித்துவிடு.
உன் எவாந்தியா

*

தாசோஸ், நவம்பர் 21

எவாந்தியா,

வர வேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்திருந்தால் நானே வந்திருப்பேன். நன்றாகக் கத்திச் சண்டை போட்டு, சாப்பிட்டுத் தூங்கியிருப்போம். நமக்கு அது புதிதா என்ன?

போன ஞாயிறு அறுவடை முடிந்தது. ஆர்கிரிஸ் முற்றத்தில் ஆடு சுட்டான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். மதியம் யாரோ அந்தப் பாட்டைப் போட்டார்கள். ஆர்கிரிஸ் மண்டிபோட்டான், "எழுந்திருடா தம்பி, இது உன்னோடது" என்றான். எழுந்தேன். ஓர் அடி வைத்தேன். உடனே எனக்குப் பின்னால் யாராவது எழுந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் எழவில்லை. இன்னோர் அடி வைத்தேன், மறுபடி திரும்பிப் பார்த்தேன். திரும்பித் திரும்பிப் பார்க்கிறவன் எப்படி ஆடுவான்? உட்கார்ந்துவிட்டேன். வெறும் தலைவலி என்றேன். ஆர்கிரிஸ் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் இருக்கும். நீ பேசாமல் இருந்தாலும், என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறாயா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். நீ ரொட்டி வெட்டும்போதும் பார்ப்பேன். அதில் இரண்டு பேரும் தேய்ந்துபோவோம்.

வகுப்பை நிறுத்தாதே. லெஃப்டெரிஸ் போன் செய்தான். "செவ்வாக்கிழமை ஆனா கால் தானா மாடிக்குப் போகுது அண்ணே, போய்ப் பாத்தா கதவு பூட்டிக் கெடக்கு" என்றான். குரலே சரியில்லை. அவனும் அந்தச் சாலையில் நின்றவன். எனக்காகத் தொடங்கினாய் என்றாய். சரி, இப்போது அவர்களுக்காக நடத்து. நீ நல்ல டீச்சர்தான், நான் அதை இல்லை என்று சொல்லவில்லை.

இங்கே லிமெனாஸ் சுகாதார நிலையத்தில் ஒரு டிரைவர் இடம் காலியாக இருக்கிறது. எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்கும் என்கிறார்கள்.

குளிர் வந்துவிட்டது. முடிந்தால் என் கம்பளிச் சட்டைகளை அனுப்பு.

ஸ்ட்ராட்டிஸ்

*

கவாலா, டிசம்பர் 12

அன்புள்ள ஸ்ட்ராட்டிஸ்,

வகுப்பை மறுபடி தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. நீ சொன்னதால்தான்.

இந்தச் செவ்வாய் லெஃப்டெரிஸ் எழுந்தான். பாட்டைப் போட்டுவிட்டு நடுவில் வந்து நின்றான். பழக்கதோஷம், எல்லாரும் எழப் போனார்கள். "யாரும் எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க" என்றேன். நான் மண்டிபோட்டுக் கைதட்டினேன். அவனுடைய முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, காலை மட்டும் பார்த்தேன். ஓர் இடத்தில் குனிந்து தரையைத் தொட்டான். வெகுநேரம் அப்படியே இருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனாக எழுந்தான். பாட்டு முடிந்ததும் சுவரோரம் போய் உட்கார்ந்து அழுதான், அந்த நெட்டை உடம்பு குலுங்கக் குலுங்க.

இறங்கிப் போகும்போது ஃபோட்டினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குத்தான் நீ ரொம்ப நல்லா நடத்தின" என்றாள். உனக்கு நான் செய்யத் தவறியதை அவனுக்குச் செய்துவிட்டேன். முதலில் அவன் எழுந்திருக்கக் கூடாதா, அவனிடம் நான் தப்பு செய்துவிட்டு உன்னிடம் சரியாகச் செய்திருக்கக் கூடாதா என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே நடந்தேன். அந்த நல்ல பையனைப் பற்றி அப்படி நினைத்தேன். நான் எவ்வளவு மோசமானவள் பார்.

வேலை கிடைத்துவிட்டது என்று ஆர்கிரிஸ் சொன்னார். சந்தோஷம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமைப் படகில் இரண்டு பெட்டி வருகிறது. பிரினோஸ் துறையில் வாங்கிக்கொள். கம்பளிச் சட்டைகள் பெரிய பெட்டியில் இருக்கின்றன. சின்னதில் கோடைச் சட்டைகளை வைத்திருக்கிறேன்.

எவாந்தியா