சாயங்காலத்துக்கு எடுத்து வைத்த வெயில்

தொட்டியம்
5.6.2025

அன்பு நஜீமா,

இங்கு நலம். போனில் சொல்லலாம்தான், பாதியில் எனக்கு லாரிக்காரன் வருவான், உனக்கு மீட்டிங் வரும். அதனால் பேப்பர்.

வாழைத்தார் பழுக்க வைக்கும் குளிர் அறை மேல் சோலார் போட்டேன் அல்லவா? மத்தியானம் கரண்ட் கொட்டுகிறது, எனக்கோ வேலை இல்லை. தார் வந்து இறங்குவது சாயங்காலம். அப்போது வெயிலும் இல்லை, லைன் கரண்டும் தள்ளாடுகிறது. லாபமெல்லாம் ஜெனரேட்டர் டீசலுக்கே போகிறது. பேட்டரிக்காரன் சொன்ன விலைக்கு இன்னொரு அறையே கட்டலாம். ஆடிப்பெருக்குக்குள் வழி கிடைக்காவிட்டால் அறையை மூடிவிட்டுப் பழையபடி கமிஷனுக்கு நிற்க வேண்டியதுதான்.

மாநிலத்துக்கே கரண்டைச் சேமிக்கத் திட்டம் போடுகிறாய். கூடப் படித்தவளுக்கும் கொஞ்சம் போடு.

உன் செல்வமேரி

சென்னை
12.6.2025

செல்வி,

எங்கள் தலைவலியும் அதுதான். பகலில் மிச்சம், விளக்கு போடும் நேரத்தில் பற்றாக்குறை. நான் திட்டம் போட்ட பேட்டரி நிலையம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. சில நாள் இந்த வேலையே வேண்டாமென்று தோன்றுகிறது.

உனக்குப் பேட்டரி வேண்டாம். உனக்கு வேண்டியது கரண்ட் இல்லை, குளிர். மத்தியானக் கரண்டில் தொட்டித் தண்ணீரை ஐஸாக்கு. சாயங்காலம் அதன் மேல் காற்றை ஊதி அறைக்குள் விடு. அந்த ஃபேனுக்கு வீட்டு இன்வர்ட்டர் போதும். படம் வைத்திருக்கிறேன்.

நஜீமா

தொட்டியம்
3.7.2025

மகாராணி நஜீமாவுக்கு,

படத்தில் உள்ளபடியே செய்தேன். காலையில் திறந்தால், பழுத்த பூவன் அத்தனையும் கரிச்சட்டி நிறம். "ஐஸ்கிரீம் யாவாரமாக்கா?" என்கிறான் பக்கத்து மண்டி காத்தான்.

அதிகக் குளிர் வாழைக்கு ஆகாது. எல்லாருக்கும் தெரிந்ததால் எங்களுக்கு அது பேச்சில்கூட வராத சங்கதி, உனக்கு எழுதத் தோன்றவில்லை. நீயும் குளிர் கூடக்கூட நல்லதென்று நினைத்துவிட்டாய்.

உரித்துப் பார்த்தேன், உள்ளே நன்றாகவே இருந்தது. ஸ்ரீரங்கத்தில் பஞ்சாமிர்தம் போடுகிறவருக்கு அனுப்பிவிட்டேன். அவருக்குத் தோல் எதற்கு? தினமும் இப்படித் தப்பிக்க முடியாது. சீக்கிரம் மாற்றிச் சொல்.

செல்வமேரி

சென்னை
9.7.2025

செல்வி,

பதினைந்து டிகிரிக்கு இறங்கினால் ஃபேனை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று பார்சலில் வருகிறது. மாட்டிவிடு.

உன் கறுத்த பழத்தின் கதையை ஆபீசில் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு, குளிர் கிடங்குகள் எல்லாம் இப்படி ஐஸ் சேர்த்தால் சாயங்காலம் எவ்வளவு கரண்ட் மிஞ்சும் என்று கணக்குப் போட உட்கார்ந்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு நானும் ஆசையாக உட்கார்ந்தேன்.

நஜீமா

தொட்டியம்
4.8.2025

என் நஜீமா,

பெருக்குக்கு முதல் நாள் சாயங்காலம் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. என் அறையில் மட்டும் ஃபேன் ஓடியது. காத்தான் வந்து நின்றான்.

"அக்கா, நம்ம தாரும் கொஞ்சம் உள்ள வச்சுக்கிறீங்களா?"

"ஐஸ்கிரீம் கடையில உனக்கென்னப்பா வேலை?" என்றேன். பிறகு வாடகை பேசி வைத்துக்கொண்டேன். மறுநாள் பெருக்குப் படையலுக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்குப் போன பழம் மஞ்சள் மாறாமல் போய் இறங்கியது. அறையை மூடவில்லை நஜீமா.

மண்டியில் தார்த் தண்டின் மேல் உடையவர் எழுத்தை மையால் போடுவோம். என்னுடையது 'செ'. இப்போது அந்த அறைக்குப் போகிற தாரில் பக்கத்திலேயே 'ந' என்றும் போடுகிறேன்.

"யாருக்கா புதுப் பங்காளி?" என்று கேட்டான் காத்தான்.

"சாயங்காலத்துக்கு வெயிலை எடுத்து வச்சுக் கொடுத்தவ" என்றேன்.

நாளை பஸ்ஸில் உனக்கு ஒரு தார் வருகிறது. தண்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் எழுத்தைப் பார்.

உன் செல்வி