தொலைந்து கிடைத்த ஊசி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் மூட்டுவலி தேவலையா?

இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. புற்றுக்கட்டிக்குள் செருகி அதை எரிக்கும் ரேடியம் ஊசி ஒன்று தொலைந்துபோனது. ஒரு வாரம் குப்பை, சாக்கடை எல்லாம் என்னைத்தான் கிளறவிட்டார்கள். கடைசியில் டாக்டர் ரேடியத்தைக் காட்டும் கருவியோடு வந்தார். என் பக்கம் வந்ததும் கருவியின் முள் துள்ளியது. நான் தினமும் போட்ட மேலங்கியின் பை ஓட்டை வழியே ஊசி மடிப்புக்குள் இறங்கியிருந்தது.

“நல்லவேளை, ஊசிக்கு ஒண்ணும் ஆகலை,” என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

தொடையில் சின்னப் புண், கவலைப்படாதே. துணி பட்டால்தான் எரிகிறது. மெத்தென்ற உன் பழைய புடவை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள். தங்கைக்கு இங்கே வேலை கேட்டிருந்தாயே, என் இடம் சீக்கிரம் காலியாகுமாம். அவளை அனுப்பிவிடாதே.

உன் மகள்