இன்ஜின் இல்லாத வண்டிக்கு எடுத்த காவடி

என் ஆசை நைனாவுக்கு,

போன மாதம் நான் கிளைடர் இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிட்டேன். இந்தத் தடவை நிஜம்தான், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் சொல்வது என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். ஆனால் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அரக்கோணம் ஷெட்டில் முப்பது வருஷம் ரயில் இன்ஜினைப் பிரித்து மாட்டியவர் நீங்கள். உங்கள் பெண் இன்ஜினே இல்லாத விமானம் ஓட்டுகிறாள் என்றால் திருத்தணியில் சும்மா விடுவார்களா? "இன்னாங்க, தள்ளிவிட்டா போவுமா?" என்று டீக்கடையில் ஒரே கிண்டல். அதையெல்லாம் வாங்கிக்கொண்டுதான், நான் அதில் வாத்தியார் ஆனால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டீர்கள்.

எனக்கு ஓட்டும் லைசன்ஸ் வந்தது. வாத்தியார் ஆனதே அதுதான் என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள். ஆடிக் கிருத்திகையன்று மஞ்சள் வேட்டியோடு, அந்த முட்டிவலியோடு, அத்தனை படியும் ஏறிப் பூக்காவடியைச் செலுத்திவிட்டு மலை மேலிருந்தே போன் செய்தீர்கள்.

"முடிச்சிட்டேம்மா! கோயில்லதான் நின்னுகினு கீறேன். இனிமே நீ வாத்தியாரு!"

"யாரு நைனா உங்கள எடுக்கச் சொன்னது? லைசன்ஸ் வேற, இன்ஸ்ட்ரக்டர் வேற."

"அப்டியா? இன்னும் இன்னாம்மா வேணும்?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது. வைங்க."

நானே கட் செய்துவிட்டேன். வேண்டுதலைக் கொஞ்சம் முன்னாலேயே செலுத்திவிட்டீர்கள், அவ்வளவுதானே? என்ன குடி முழுகிப்போயிற்று? அதற்குள் ஆர்.கே.பேட்டை சித்தப்பா வரை போன் செய்து வாழ்த்தியிருந்தார்கள். ஆகாத ஒன்றுக்கு வாழ்த்து வாங்கிய வெட்கத்தை உங்கள் தலையில் கொட்டினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவேயில்லை. இரண்டு வருஷம், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் காரியத்துக்கு வந்த சித்தப்பாதான் சொன்னார்: "பொண்ணு இன்னும் இன்னா பண்ணுதுன்னு கேட்டா, 'எனக்கு சொன்னா புரியாதாம்ப்பா'ன்னு சிரிப்பாரும்மா."

நிஜமாகவே சிரித்தீர்களா, நைனா?

இன்ஸ்ட்ரக்டர் தேர்வில் முதல் தடவை தோற்றேன். தேர்வு வைப்பவர் ஒன்றும் தெரியாத மாணவரைப் போல முன் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். பின் இருக்கையிலிருந்து ஓட்டிக்கொண்டே அவருக்குச் சொல்லித்தர வேண்டும். ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டார் பாருங்கள், எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. கீழே இறங்கியதும், "உனக்கு ஓட்ட வருது. சொல்லித்தர வரல," என்றார். உங்கள் போன் ஞாபகம் வந்து அந்த மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த தடவை, முன்னால் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினேன். தேறிவிட்டேன்.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அம்மா, "அதுக்கு அப்டி இன்னாதான்டி வேணும்?" என்று கேட்டாள்.

சொன்னேன். லைசன்ஸ் வாங்கிய பிறகு, நானே முழுப் பொறுப்பில் இத்தனை தடவை, இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கண், காது, நெஞ்சு எல்லாம் சரி என்று டாக்டர் எழுதித்தர வேண்டும். பின் இருக்கையிலிருந்து ஓட்டப் பழக வேண்டும். மாணவர் தப்பு செய்ததும் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைப் பிடுங்கிவிடக் கூடாது, எதுவரை விட்டுப் பார்க்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். கரும்பலகையில் வகுப்பும் எடுக்க வரவேண்டும். கடைசியில்தான் அந்தத் தேர்வு.

அம்மாவின் முறத்தில் கீரை பாதிகூட முடியவில்லை. நான் சொல்லி முடித்துவிட்டேன்.

"இவ்ளோதானா?" என்று நிமிர்ந்தாள். "இத அவருக்கு சொல்லியிருக்கலாமேடி."

இனி என் முன்னால் உட்கார்ந்து யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன், நைனா. இது சத்தியம். முதலில் கேட்டவர் நீங்கள், உங்களுக்குத்தான் சொல்லவில்லை.

உங்கள் வாயாடிப் பொண்ணு,
வள்ளி