கட்டிப்பிடிக்கத் தோதான துப்பாக்கி

மார்ச் 3, ஞாயிறு

எங்கள் பாப்டிஸ்ட் சபையில் ஒருவர் வெறுமனே கை குலுக்கினால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். மற்றபடி எல்லோரும் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பாதுகாப்புக் குழுவில் நாங்கள் நான்கு பேர், கோட்டுக்குள் துப்பாக்கியோடு. முன்வாசல் என்னுடையது, ஒன்பது வருடமாக.

இன்று சிஸ்டர் ஓப்பல் கட்டிப்பிடித்தபோது அவர் கை என் வலது இடுப்பில் இடித்தது. அங்கே என் பழைய நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கி, அரைச் செங்கல் கனத்தில். சுடுகிற அடுப்பைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். ஆராதனை முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு வருடத்தில் என் உடம்பு பெருத்துவிட்டது, கோட்டு பெருக்கவில்லை. அதனால் துருத்துகிறது. சின்னதாக ஒன்று வாங்க வேண்டும்.

மார்ச் 4, திங்கள்

நடீனிடம் சொன்னேன். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ மகனை பெட்ரோல் பங்க்ல சுட்டாங்களே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. ஆறு வருடம் முன்பு அந்த மகன் டேனியின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். நேற்று நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"தனியா இருக்கறவ. வாரம் பூரா அவளை ஒரு ஆள் தொடறதில்ல. உங்க வாசல்ல கிடைக்கிறதுதான் அவளுக்கு," என்றாள்.

பாதி தின்ற சோள ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 9, சனி

துப்பாக்கிக் கடை. பின்பக்கம் சுட்டுப் பார்க்க இடமும் உண்டு. கல்லாவுக்குப் பின்னால் டார்லா என்று ஒரு பெண், என் மகள் வயது.

"என்ன மாதிரி வேணும் சார்?"

"கட்டிப்பிடிச்சா தெரியக் கூடாது."

"யாரு, சம்சாரமா?"

"சபை மொத்தமும்."

சிரித்துவிட்டு, கடையிலேயே சின்னதை எடுத்து வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. கால்சட்டைப் பையில் போட்டேன், மணிபர்ஸ் மாதிரி கிடந்தது. அப்படியே மனம் போய்விட்டது.

"இது ஒளிக்கிறதுக்குத்தான் சுகம், சுடறதுக்கு இல்ல. அடுத்த அளவையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்றாள்.

அறுபத்து மூன்று வயதில் எனக்குத் துப்பாக்கிப் பாடம் எடுக்க வந்துவிட்டாள்! வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஓப்பல் சபையின் சமையலறைப் பக்கத்து வாசல் வழியாக வந்தார். விருந்துக்குப் பாத்திரம் கொண்டுவருகிறவர்கள்தான் அந்த வழியில் வருவார்கள். அவர் கையில் பாத்திரம் இல்லை.

மார்ச் 13, புதன்

சாயங்காலம் நடீன் பரிசோதனை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை, பிறகு குள்ளமான கிழவியைப்போல முட்டியை மடக்கி ஒரு தடவை என்னைக் கட்டிப்பிடித்தாள். துப்பாக்கி அகப்படவில்லை.

"கல்யாணமானதுலேருந்து ஒரே நாள்ல இவ்வளவு கட்டிப்பிடிச்சதில்ல. இன்னொரு துப்பாக்கி வாங்குங்களேன்," என்றாள்.

நல்ல நாள். எனக்கு வாய்த்தவள் நல்லவள்.

மார்ச் 16, சனி

அவமானம். வேறு வார்த்தை இல்லை.

புதுத் துப்பாக்கி வைத்துக்கொண்டால் குழுவின் தேர்வில் தேற வேண்டும். குழுத் தலைவன் டெல்பர்ட்டின் வயலில் வைத்தோம். விருந்துக்கு வாங்கிய காகிதத் தட்டுதான் குறி. ஏழு கஜ தூரம், இருபது தோட்டா, குறைந்தது பதினெட்டு தட்டில் விழ வேண்டும்.

இந்தச் சின்னப் பிசாசின் பிடியில் என் விரல் இரண்டுதான் அமர்கிறது, சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வேட்டுக்கும் உள்ளங்கையில் அறைகிறது. நாலாவதிலிருந்து, விசையை இழுக்கும் முன்பே என் கண் மூடிக்கொண்டது. கண் மூடுகிறதா, எனக்கா? மின்கம்பத்தின் உச்சியில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கா?

பதினொன்று.

"அண்ணே, தட்டுல சாப்பிடத்தான் நீங்க லாயக்கு," என்றான் டெல்பர்ட். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். இல்லேன்னா வாசலை நம்ம குழு ராண்டலுக்குக் குடுத்துர வேண்டியதுதான். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

மறுபடியும் டார்லா. 'அப்பவே சொன்னேனே' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மூன்றை வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். முதலாவதின் விசை துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி. இரண்டாவதில் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கவே முடியவில்லை, கட்டைவிரல் மூட்டு கத்தியது. மூன்றாவது சின்னதைவிட ஒரு விரற்கடை நீளம், ஆனால் தட்டை. மூன்று விரலும் பிடியில் உட்கார்ந்தன. மெதுவாகத்தான் உதைத்தது, கண் மூடவில்லை. பத்துத் தோட்டாவும் ஒரு காபிக் கோப்பை அகலத்துக்குள்.

"இப்ப உங்க முகமே மாறிப்போச்சு சார்," என்றாள். சின்னதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். கால்சட்டை இடுப்புப் பட்டிக்கு உள்பக்கமாக, வலது முன்புறம் வைக்கிற உறை ஒன்றும் வாங்கினேன்.

மார்ச் 23, சனி

பத்தொன்பது! தட்டை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நடீன் குப்பையில் போட்டுவிட்டாள்.

மார்ச் 24, ஞாயிறு

அறுபது பேராவது கட்டிப்பிடித்திருப்பார்கள், போதகர் உட்பட. ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஓப்பல் சமையலறை வாசல் வழியாகவே வந்தார்.

ஏன்? பிறகுதான் உறைத்தது. துப்பாக்கி சின்னதாகிவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால்தான் என்ன? பெரிசோ சின்னதோ, அது அங்கே இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமே. மடையா, வெர்னன்! மூணு வாரமா அளவு பாத்துக்கிட்டு இருந்திருக்கே. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினியா?

மார்ச் 26, செவ்வாய்

பேசினேன். துப்பாக்கியை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஓப்பல் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் வெங்காய நாற்று நட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றினேன்.

"சிஸ்டர், நான் வாசல்ல நிக்கிறப்ப துப்பாக்கி வச்சிருப்பேன். உங்ககிட்ட நானே முன்னாடி சொல்லியிருக்கணும்."

நாற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வைக்க வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன் பிரதர். தெரியாம கை பட்டுடுச்சு பாருங்க, அதுதான். அன்னிக்கு முழுக்க என் கை என் கையா இல்ல."

வாசலைவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடட்டுமா என்று கேட்டேன். நிஜமாகத்தான் கேட்டேன். கேட்கும்போது வலித்தது.

"யாரு வருவா, ராண்டலா? மாட்டைத் தட்டுற மாதிரி முதுகுல தட்டுவான். வேண்டாம்."

மீதி நாற்றை இருவரும் நட்டோம்.

மார்ச் 31, ஞாயிறு

மழை. ஓப்பலின் கார் வந்து நின்றது. இறங்கியவர் சமையலறை வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குடையோடு என் படிகளில் ஏறி வந்து, ஓரடி தள்ளி நின்றார்.

"எந்தப் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வலது. முன்னாடி."

குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். என் இடது பக்கமாகச் சுற்றி வந்து, இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தார். அவருக்குப் பின்னால் மழையில் வரிசை நீண்டது. டெல்பர்ட் இரண்டு தரம் இருமிப் பார்த்தான். அவராக விடும்வரை நான் நகரவில்லை.